கற்பிட்டியில் சாமான் வாங்கும் இடங்கள்

கற்பிட்டி,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பின் ஹிதாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். குவைத்தில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். கண்டக்குழி ஸபீனா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறாள். இதை உன் கையிலேயே தருவதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை போனில் பிள்ளைகள் பேசி முடிய எனக்கு இரண்டு நிமிடம்தான் மிஞ்சுகிறது. அதற்குள் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

மதுரங்குளியில் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டிலிருந்து நாங்கள் இங்கே வந்து மூன்று மாதமாகிறது. ஐஸ் தொழிற்சாலை வேலை பிடித்திருக்கிறது. கால் முறிந்த இடம் குளிருக்குக் கொஞ்சம் வலிக்கும், ஆனாலும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன். வீடு சின்னது. பின்கதவைத் திறந்தால் களப்பின் தண்ணீர் தெரியும். சின்னவள் மர்ஷூதா நேசரிக்கு அழாமல் போகிறாள்.

வந்த புதிதில் நீ கேட்டாய், புது ஊரில் சாமான் எல்லாம் எங்கே வாங்குகிறீர்கள் என்று. எல்லாம் கிட்டத்தில் இருக்கிறது என்றேன். அப்போது எனக்கு ஒரு கடையும் சரியாகத் தெரியாது. ராத்தா வீட்டில் இருந்தவரை தட்டில் வந்ததைச் சாப்பிட்டவன் நான். இங்கே பெரிய வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போய், பாக்கெட்டில் அடைத்த கறித்தூளையும் ஐஸில் கிடந்த மீனையும் வாங்கிவந்து ஆக்கினேன். மர்ஷூதா ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். பெரியவள் அகீலா மட்டும் முழுவதையும் தின்று முடித்தாள். பத்து நாள் பேக்கரிப் பாணும் வாழைப்பழமுமாகத்தான் போனது.

பிறகு ஒருநாள் வேலை விட்டு வந்தால், சோறும் மீன் ஆணமும் மூடி வைத்திருந்தது. ருசியான ஆணம். யார் தந்தது என்று கேட்டேன். மூலைக்கடை சித்தி மரியம் மாமி தந்தார் என்றாள் அகீலா. அடுத்த நாளும் இருந்தது. இரண்டு கிழமை இப்படியே நடந்தது. நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

சும்மா சாப்பிடுவது சரியில்லை என்று ஒரு மாலை நல்ல திரளி மீன் நாலு வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். மீராசாஹிப் காக்காவும் அவர் மனைவி சித்தி மரியம் தாத்தாவும்தான் கடையைப் பார்க்கிறார்கள். உங்கள் கையால் என் பிள்ளைகள் வயிறு நிறைகிறது என்று சொன்னேன். அந்த மனிசி என்னைப் பார்த்து, “நான் ஒரு நாளும் ஆக்கி அனுப்பல்லியே தம்பி. உங்கட மூத்த மகள்தான் பத்து மணிக்கு வந்து மாசிக்கருவாடும் தூளும் வாங்கிட்டுப் போறா. நானும் கேக்கணும் எண்டு இருந்தன், அவக்கு ஸ்கூல் இல்லையா?” என்றார்.

ஹிதாயா, நம்முடைய மகள் பதினொரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளி உடுப்புப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வெளிக்கிடுவாள். நான் போனதும் திரும்பிவந்து, பாணுக்கு நான் வைத்த காசில் மீனும் சாமானும் வாங்கிச் சமைத்திருக்கிறாள். ஓரா மீனை வெட்டும்போது அதன் விஷமுள் குத்தி விரல் வீங்கியிருந்தது. கதவில் நசிந்தது என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் ஏசவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன். “உம்மா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வரமாட்டா தானே வாப்பா. நீங்க போன்ல கதைச்சது கேட்டுச்சு. அதுக்குள்ள நான் பழகிக்கணும்” என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மறுநாள் நானே அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். விட்ட பாடத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள அவர் மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளை வாங்கிக் கொடுத்தார். தொழிற்சாலையிலும் சொல்லி எட்டு மணிக்கு வேலை தொடங்கும்படி மாற்றிக்கொண்டேன். இப்போது நான்தான் சமைக்கிறேன். நீ அன்றைக்குக் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லலாம்.

மீனுக்கு விடியற்காலை சுபஹ் தொழுதவுடன் களப்பங்கரைக்குப் போகவேண்டும். அல்பிரட் என்பவரின் தோணி வந்து வலை உதறும்போதே வாங்கிவிடுவேன். ஓராவின் முள்ளை அவரே வெட்டித் தருவார். தூள், மாசி, தேங்காய் எல்லாம் சித்தி மரியம் தாத்தாவிடம். அவர் சிறு வயதில் மன்னாரிலிருந்து வந்தவர். மிளகாயை வெயிலில் காயவைத்துத் தானே மில்லுக்குக் கொண்டுபோய்த் திரிப்பார். எவ்வளவு போடவேண்டும் என்று கரண்டியைக் காட்டிச் சொல்லித் தந்தார். மரக்கறிக்குக் கடையே தேவையில்லை. இங்கே தோட்டங்கள் நிறைய, பீட்ரூட்டும் வெங்காயமும் மண்ணோடு கிடைக்கும். அரிசி மட்டும் எலுவன்குளத்துச் சிவப்பரிசி. மாதம் ஒருமுறை லொறியில் வரும். மாலையில் பாண்காரரின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கே வரும். மர்ஷூதா அதற்கு முன்னால் போய் நின்றுவிடுவாள். என் ஆணத்தில் இன்னும் சில நாள்களில் புளி கூடிவிடுகிறது. ஆனால் தட்டுகள் காலியாகின்றன.

இனி நான் எழுத வந்த விஷயம். ஆகஸ்ட்டில் உன் வேலை ஒப்பந்தத் தவணை முடிகிறது. வேலை வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார் என்று சொன்னாய். உன் விருப்பம் என்றேன். அது பொய், ஹிதாயா. நான் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது குடும்பத்தை உன் தலையில் ஏற்றி அனுப்பியவன், இப்போது வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். ஒரு பிள்ளை உனக்குப் பதிலாக நிற்கப் பழகுவதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. உன்னைச் சமைக்கக் கூப்பிடவில்லை. அதை நான் பார்த்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை போனில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். முடிவாகாத ஒன்றை அவர்கள் கேட்டு ஆசைப்பட வேண்டாம். நான் உன்னிடம், வீட்டுக்கு என்ன சாமான் வாங்கிவைக்கட்டும் என்று கேட்பேன். வருவதாக இருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல். உப்பு என்றாலும் போதும். வர முடியாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் கோபிக்கமாட்டேன்.

அல்லாஹ் உன் உடம்புக்குச் சுகத்தையும் மனதுக்கு ஆறுதலையும் தந்து, உன்னை இந்த வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உன்,
செய்னுலாப்தீன்