மறுக்க உனக்கு உரிமை உண்டாம்

என் மேசையில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடக்கிறது. அதில் வெள்ளைக் கோயில் ஒன்று. உச்சியில் பொன்னிறத் தேவதூதர் கொம்பு ஊதுகிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீ காரின் வேகத்தைக் குறைத்து, "ஒருநாள் உதுக்குள்ளை போய்ப் பாக்கவேணும் மச்சான்" என்பாய். நேற்று நான் தனியாகப் போய்வந்தேன்.

உள்ளே விடமாட்டார்கள். மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கோயில் அது; உள்ளே போக அவர்களுடைய சபையின் அனுமதி அட்டை வேண்டும். மற்றவர்களுக்கென்று பக்கத்திலேயே பார்வையாளர் நிலையம். தடித்த கம்பளம், மெத்தென்ற கதிரைகள், எவரும் இருமாத அமைதி. றிச்மண்ட் ஹில் கோயிலின் சந்தடியில் சாமி கும்பிட்டுப் பழகிய எங்கள் தமிழ்ச் சனத்துக்கு அந்த அமைதி சந்தேகத்தையே தரும்.

பெயர்ப்பட்டி குத்திய ஓர் இளம்பெண் விளக்கினாள். இறந்தவருக்காக, உயிரோடிருக்கும் ஒருவர் ஞானஸ்நானம் பெறுவாராம். இறந்தவரின் பெயரைக் குடும்பத்தார்தான் கொடுக்க வேண்டுமாம். கடவுளை நம்பாத நண்பன் ஒருவனுக்கும் செய்வீர்களா என்று கேட்டேன். குடும்பம் விரும்பினால் செய்யலாம் என்றாள். பிறகு மிகப் பணிவாகச் சொன்னாள்: "ஆனால் அவர் அந்த உலகத்தில் அதை மறுக்கலாம். கட்டாயம் இல்லை."

கதிரையில் இருந்துவிட்டேன். இறந்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. நீயும் நானும் வாழ்ந்த ஸ்காபரோவில் நாங்கள் அதை உனக்குத் தரவில்லை.

உன் வீட்டுச் சமையலறையில் ஒருநாள், "நான் செத்தா ஐயர் வேண்டாம், தேவாரம் வேண்டாம். நீதான் சாட்சி" என்றாய். உன் மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, "செத்தாப் பிறகு உங்களை ஆர் கேக்கப்போறது?" என்றார். மூவரும் சிரித்தோம். அவர் பகிடி விடவில்லை என்பது, ஐயரும் தேவாரமுமாக நடந்த உன் முப்பத்தோராம் நாள் கிரியையில்தான் எனக்கு விளங்கியது.

அன்று வந்தவர்களுக்குக் கொடுக்க, எங்கள் வழக்கப்படி, உன்னைப் புகழ்ந்து 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகம் அச்சடித்தார்கள். அதற்குப் பாட்டு எழுதியவன் உன் சாட்சியாகிய நான். 'சிவபக்தியில் திளைத்தவர், சிவனடி சேர்ந்தார்' என்று எழுதினேன். எதுகை, மோனை எதுவும் பிசகவில்லை. சனம் பாராட்டியது. ஒருவர் தன் தகப்பனுக்கும் அப்படியொன்று கேட்டார். பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

இன்று காலை உன் மனைவி ரெலிபோன் எடுத்தார். உன் முதலாம் ஆண்டுத் திவசம் வருகிறது, பத்திரிகை விளம்பரத்துக்கு நாலு வரி வேண்டுமாம்.

"கல்வெட்டிலை எழுதின மாதிரியே எழுதுங்கோ அண்ணை."

"எழுதிறன். ஆனா அவன் கடவுளை நம்பேல்லை எண்டும் எழுதுவன்."

"சனம் என்ன சொல்லும்?"

"அவன் என்ன சொன்னவன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப நான் வேறை ஆளைப் பாக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

பார்க்கட்டும். சிவனடியில் சேர்த்துவிட இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. உன்னுடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது நீ சொன்ன அந்த 'வேண்டாம்' ஒன்றுதான். அதை இன்னொரு முறை எதுகைக்குள் புதைக்க மாட்டேன். அதே பத்திரிகைக்கு என் பெயரில் தனியாக ஒரு விளம்பரம் அனுப்பிவிட்டேன்: 'கடவுள் இல்லையென்று வாழ்ந்தான். அப்படியே இறந்தான்.' இரண்டும் ஒரே பக்கத்தில் வரலாம். ஒன்றில் நீ சிவனடியில் இருப்பாய், மற்றதில் இருக்கமாட்டாய். எது சரியென்று கேட்க விரும்புகிறவர்களுக்காக, கீழே என் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருக்கிறேன்.