கரண்ட் போய் வந்த பிறகு

முத்தாபுதுப்பேட்டை,
ஆவடி.
22.8.1993, ஞாயிறு

அன்பு மகள் அருள்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், இடது முழங்கால் மட்டும் நான் சொன்னபடி கேட்பதில்லை, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாயிருக்க காலையும் மாலையும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது, உள்ளே வைத்திருந்த போட்டோவும் கசங்காமல் வந்தது. போட்ஸ்வானாவில் அவ்வளவு குளிருமா, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறாய், அப்படியும் முகம் இளைத்துத் தெரிகிறது. பிள்ளைகள் கணக்குப் பரீட்சையை நன்றாகச் செய்தது, தண்ணீர்த் தட்டுப்பாடு, புதிதாக வந்த ஹெட்மாஸ்டரின் மீசை, எல்லாம் எழுதியிருந்தாய். திரும்பத் திரும்பப் படித்தேன், படித்துவிட்டு உள்ளே வேறு தாள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கவரைக் கிழித்தும் பார்த்தேன். போன மாதம் பக்கத்து வீட்டு எல்லம்மாவின் போனுக்கு நீ பேசினபோது, அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அது வந்து, என்று ஆரம்பித்தாய், அத்தோடு லைன் போய்விட்டது. அது என்னவென்று இந்தக் கடிதத்தில் இருக்கும் என்று காத்திருந்தேன், இல்லை. அன்றைக்கு எல்லம்மா, இன்னாம்மா, கட்டாயிட்ச்சா, குந்து, பொண்ணு திரும்ப அடிக்கும் என்று ஸ்டூலைப் போட்டு காபி கொடுத்தாள். அவர்கள் வீட்டில் எல்லாரும் இட்லிக்கு உட்கார்ந்த பிறகும் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும், எழுந்து வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவர்கள் போனும் படுத்துவிட்டது.

உங்கள் ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். வந்துவிட்டது, அதனால் நான் படும் பாட்டைக் கேள். எங்கள் டிப்போவில் ராணுவ வண்டிகளின் சாமான்கள், போல்ட்டிலிருந்து டயர் வரைக்கும், எந்தக் கொட்டகையில் எவ்வளவு இருக்கிறது, எந்த யூனிட்டுக்கு எவ்வளவு போயிற்று என்பதெல்லாம் அட்டையில் எழுதித்தானே இத்தனை வருஷம் ஓட்டினோம். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்கு டெண்டர் விட்டு வெளியூர்க் கம்பெனி ஒன்றை எடுத்தார்கள். வாங்குவதற்கும், வாங்கினது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்து ஒப்புக்கொள்வதற்கும் ஒரு போர்டு, அதில் ஒரு மேஜர், கணக்குப் பிரிவு அதிகாரி ஒருவர், சாமான் பிரிவு சார்பில் உன் அம்மா. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். டெண்டர் எழுதும்போதே நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர வேண்டும், பதிந்தது எதுவும் அழியக்கூடாது என்று. நம் பக்கத்துக் கரண்ட் லட்சணம் உனக்குத் தெரியாதா, சாயந்திரம் மூன்று மணி ஆனால் சொல்லிவைத்த மாதிரி போய்விடும். மேஜர் சிரித்தார், மேடம், வாங்கப்போவது கம்ப்யூட்டரா மெழுகுவர்த்தியா என்றார், ஆனாலும் வரியை எடுக்கவில்லை. இப்போது சாமான் வந்து இறங்கி, சோதனை நடக்கிற காலம். ஒப்புதல் ஆகும் வரைக்கும் அட்டையிலும் எழுத வேண்டும், அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும், ஒரே வேலை இரண்டு தடவை. ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்தவர்கள் எல்லாம் இப்போது இருட்டினபிறகுதான் வீட்டுக்குப் போகிறார்கள். சோதனையை எல்லாம் காலை வேளையிலேயே வைத்தார்கள், போதாதற்கு கம்பெனிக்காரர்கள் ஜெனரேட்டர் வேறு கொண்டுவந்து வைத்திருந்தார்கள், அப்புறம் ஏன் ஓடாது, கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி ஜோராக ஓடிற்று. மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டில்லியிலிருந்து ஒரு ஜெனரல் வருகிறார், அவர் கையால் திறப்பு விழா வைக்க வேண்டும் என்று எங்கள் கமாண்டன்ட்டுக்கு ஆசை. நான் மட்டும், கரண்ட் போகிற நேரத்தில் ஒரு நாள் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. எங்கள் செக்‌ஷனில் மத்தியானச் சாப்பாடு எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, மேஜைகளைச் சேர்த்துப் போட்டு எல்லார் டிபன் பாக்ஸையும் நடுவில் திறந்து வைத்துவிடுவோம், யார் பாக்ஸிலிருந்து யார் எடுக்கிறார்கள் என்றே தெரியாது. டைப்பிஸ்ட் பேபி அவள் வீட்டு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கில் பாதியை என் மூடியில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். அப்பா போன பிறகு எனக்கு ஒரு நாளில் ஒழுங்கான சாப்பாடு என்றால் அதுதான், வீட்டில் நின்றுகொண்டே எதையோ தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். இப்போது மேஜைகள் அங்கேதான் இருக்கின்றன, ஆட்கள் ரிக்கார்டு ரூமுக்குப் போய்விடுகிறார்கள். யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை செல்வி, சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன். குட்மார்னிங் மேடம் உண்டு, பேனா கேட்டால் பேனா உண்டு, அவ்வளவுதான். அயனம்பாக்கத்து திருவேங்கடம், அதுதான் எங்கள் சீனியர் கிளார்க், ஒருவர்தான் நேரில் வந்து நின்றார். இன்னா மேடம், ஒரு கையெயுத்து தானே, போட்டுக் குட்த்துடுங்க, நம்ம ஊட்ல மாடு கறக்க ஆளு இல்ல, பொஞ்சாதிக்கு ஒடம்பு சரியில்ல, எவ்ளோ நாளு தான் இங்கயே குந்திகினு கீறது என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு என்ன, வீட்டில் போய் யாருக்கு விளக்கேற்றப் போகிறேன், எட்டு மணி வரைக்கும்கூட உட்கார்ந்திருப்பேன், அவர்களுக்கு அப்படியா. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நாளைக்குப் போட்டுவிடுவோம் என்றே முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் நான் போட்டால் கம்பெனிக்கு முழுப்பணமும் போய்விடும், அப்புறம் கூப்பிட்டாலும் அவர்கள் வரமாட்டார்கள், வருகிற ஜூனில் ரிடையர் ஆன பிறகு என்னையும் யாரும் கேட்கமாட்டார்கள். காலையில் எழுந்தபோது கை வரவில்லை.

கடைசியில் போன வெள்ளிக்கிழமை ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு ஓட்டிக் காட்ட ஒத்துக்கொண்டார்கள். கம்பெனி சார்பில் மனோகரன் என்று ஒரு இன்ஜினியர், நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், காலையிலிருந்து அவர் முகமே சரியில்லை. தனியாக வந்து, மேடம், என்ன ஆகும்னு எனக்கே தெரியும், மேலே சொல்லிப் பார்த்துட்டேன், கேட்கல என்று சொன்னார். அதுதான் விஷயம், மேஜருக்கும் தெரியும், கணக்கு அதிகாரிக்கும் தெரியும், பார்க்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று எல்லாரும் இருந்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு ஃபேன் நின்றது, டெர்மினல் எல்லாம் கறுத்துப் போயின. கரண்ட் திரும்பி வந்து போட்டுப் பார்த்தால், காலையிலிருந்து பேபி உட்கார்ந்து ஏற்றினதில் பாதியைக் காணோம். அதுவாவது பரவாயில்லை, மீதிப் பாதி தாறுமாறு. ஜம்முவுக்கு அனுப்பின டயர் லாரி ஏறிப் போய்விட்டது, இந்த மிஷினோ கொட்டகையிலேயே இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறது. நாளைக்கு எங்கேயோ பனியில் வண்டி நின்றுபோன யூனிட் ஒன்று தந்தி கொடுத்துக் கேட்டால், இருக்கிறது, அனுப்புகிறோம் என்று பதில் சொல்லிவிட்டு வெறும் கொட்டகையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன பண்ணுவது. நான் சொன்னது சரியாகப் போயிற்று. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேபி கீபோர்டு மேலேயே தலையை வைத்து அழுதாள், அவள் குழந்தைக்கு அன்றைக்குப் பிறந்தநாளாம், சீக்கிரம் போகலாம் என்று மத்தியானம் சாப்பிடாமல் அடித்து முடித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது செல்வி, முன்பு மாதிரி இருந்தால் சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லியிருப்பாள். கமாண்டன்ட் கூப்பிட்டு, யூ வேர் ரைட், மிஸஸ் எட்மண்ட் என்றார், ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. விழா நின்றுவிட்டது, கம்பெனிக்குத் திருத்திக்கொண்டு வர மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள், அதுவரைக்கும் எல்லாருக்கும் இரட்டை வேலைதான்.

நேற்று அரைநாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன், உள்ளே போகப் பிடிக்கவில்லை, அப்படியே பூட்டிவிட்டு பூந்தமல்லி பஸ் ஏறிவிட்டேன். வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன், ஒரு அம்மாள் காஞ்சிபுரம் பஸ் போயிடுச்சா என்று கேட்டாள், அவளோடு நானும் போகிறவள் மாதிரி பஸ் வரும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தேன். சும்மா திரும்பக் கூடாதே என்று ஒரு சீப்பு வாங்கிவந்தேன். இப்படியே போன மாதமும் ஒன்று வாங்கினேன், வீட்டில் சீப்பு ஏறிக்கொண்டே போகிறது, தலையில் முடிதான் குறைகிறது. சிரிக்காதே. நான் தனியாக இருக்கிறேன் செல்வி, ரொம்பத் தனியாக இருக்கிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், எழுதிவிட்டேன், அடித்து அழிக்கப்போவதில்லை. இதற்காக நீ ஓடிவர வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

இன்றைக்குக் கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த டெண்டர் வரியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போவது யார் தப்பும் இல்லை, போகத்தான் செய்யும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதுதானே நான் கேட்டது, அதற்காகத்தானே இத்தனை பேரையும் பகைத்துக்கொண்டேன். உன் கடிதம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது கண்ணு, சுகம், பரீட்சை, தண்ணீர், ஹெட்மாஸ்டர் என்று. நீ நிறுத்தின இடம் அதில் இல்லை. நானும் விதவிதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். டிசம்பரோடு முடிகிற வேலையை இன்னும் நீட்டிக்கொள்ளப் போகிறாயா, அங்கேயே யாரையாவது மனதில் நினைத்திருக்கிறாயா, உடம்புக்கு ஏதாவதா. எதுவாக இருந்தாலும் சொல்லிவிடு. வரமாட்டேன் என்பதுதான் செய்தி என்றால் ஒரு நாள் முழுக்க கோபமாக இருப்பேன், உன் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் பட்டுப்புடவையை எடுத்து எல்லம்மாவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கத்துவேன், கொடுக்கமாட்டேன். தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் என்னால் முடியவில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் வியாதி வரும். ராத்திரி சாப்பாட்டை விடாதே, நின்றுகொண்டு சாப்பிடாதே, அதை உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் சொல்கிறேன். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்துவை. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைவேலைகளை ஆசீர்வதிப்பாராக. மறக்காமல் ஒன்று, எல்லம்மா வீட்டு போன் நேற்று சரியாகிவிட்டது, நம்பர் பழையதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்ததும் அங்கே போய் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பேன். நீ பேசும்போது சுகமா என்றெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், நான் சுகம்தான். அது வந்து என்று நிறுத்தினாய், அங்கிருந்தே ஆரம்பி.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும் அம்மா,
ஞானசௌந்தரி எட்மண்ட்