என் மஸ்டாங், சுஜந்தனின் கமாரோ

11 ஜனவரி 2025, சனி
எங்கள் கார்ப்பிரியர் கூட்டத்தோடு அமீரகத்தின் ஜெபல் ஜெய்ஸ் மலைக்குப் போய் வந்தேன். உச்சியில் தேநீரும் வழக்கமான வாக்குவாதமும். வளைவுகளில் தன் கமாரோதான் ரோட்டை விடாமல் பிடிக்கும் என்றார் சுஜந்தன்.
“உங்கட மஸ்டாங் நேர் ரோட்டுக்கு மட்டும்தான், மதுஷா.”
“உங்கடது ஓட்டோ கியர். அது தானா ஓடுது, நீங்கள் சும்மா இருக்கிறியள்.”
எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நாள்.

1 பெப்ரவரி, சனி
திரும்பவும் மலை. பாதி ஏற்றத்தில் இஞ்சின் இரைகிறது, கார் ஏறவில்லை. கருகல் மணம். கிளச் போய்விட்டது. ஓரங்கட்டி நின்றேன். எல்லோரும் போய்விட, சுஜந்தன் மட்டும் திரும்பி வந்தார்.
“ட்ராஃபிக்கில கிளச்சில காலை வச்சபடி ஓடாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லே.”
“அது என்ர கால்.”
குளிர்காற்று. ரிக்கவரி வண்டி வரும்வரை தன் காருக்குள் இருக்கச் சொன்னார். போகவில்லை. அவரும் வெளியிலேயே நின்றார். எனக்கு ஏன் இந்த வீம்பு?

3 பெப்ரவரி, திங்கள்
ஷார்ஜாவில் கராஜ் வைத்திருக்கும் கீழக்கரை நிஜாம் பாய் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். கிளச் பிளேட் முழுதாகத் தேய்ந்திருக்கிறது.
“சாமான் அமெரிக்காவுல இருந்து வரணும்மா. வித்துட்டு சின்ன வண்டியா எடுத்துக்கலாம்ல?”
வீட்டுக்கு வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் போன். “கார் விசர் பிடிச்ச பொம்பிளைய ஆர் பிள்ளை கட்டுவினம்? அதை வித்துப்போட்டு நாங்கள் பாத்து வச்ச ரொறன்ரோப் பெடியனுக்கு ஓமெண்டு சொல்லு.”
விக்க மாட்டன். ஓமெண்டும் சொல்ல மாட்டன். என்ர உழைப்பில வாங்கின கார் — இவைக்கு என்ன வந்தது?

10 பெப்ரவரி, திங்கள்
சுஜந்தனுக்கும் என்னைப்போல் துபாய் ஜெபல் அலியில்தான் வேலை. சாமான் வரும்வரை, போகும் வழியில் ஷார்ஜாவில் என்னையும் ஏற்றுகிறார். கமாரோவுக்குள் இருந்தால் பதுங்குகுழிக்குள் இருப்பது போல, வெளியே ஒன்றும் தெரிவதில்லை. சொன்னேன்.
“ஓம், அது உண்மைதான்” என்றார். இந்த மனிதர் இப்படி விட்டுக்கொடுத்தால் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

19 பெப்ரவரி, புதன்
இன்று இருவரும் ஒன்றும் பேசாமல் போனோம். நன்றாக இருந்தது.

8 மார்ச், சனி
புது கிளச் பூட்டியாயிற்று. நோன்போடு நிஜாம் பாய் தனியே பாடுபடக் கூடாதென்று சுஜந்தனும் காருக்குக் கீழே படுத்துக் கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடித்தார். ஓட்டிப் பார்த்தேன். பெடல் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது.
“இனி என்ர காரில வரத் தேவையில்லை எல்லே” என்றார், முகத்தில் கிரீஸோடு.
தேவையில்லைதான். பிறகேன் சந்தோஷம் முழுதாக வரவில்லை?

10 மார்ச், திங்கள்
கார் கீழே நின்றது. சாவி கையில் இருந்தது. சுஜந்தனுக்குப் போன் எடுத்தேன்.
“வாறியளோ?”
“ஏன், திரும்பப் பழுதோ?”
“இல்லை.”
அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம்.
“வாறன்.”

23 ஏப்ரல், புதன்
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரொறன்ரோ வேண்டாம், சுஜந்தன் என்று.
“அந்தப் பெடியனும் கார் விசரோ?”
“ஓம் அம்மா.”
நீளமாக ஒரு பெருமூச்சு. பிறகு, “சாப்பிட்டியோ?”

15 நவம்பர், சனி
எங்கள் கலியாணத்துக்கு அம்மா வந்துவிட்டார். அபுதாபி விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தோம். அம்மாவை முன்சீட்டில் இருத்திவிட்டு, கமாரோவின் பின்சீட்டில் முழங்கால்களை மடக்கிக்கொண்டு நான். முதலில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தவர், கொஞ்சத் தூரத்தில் அப்படியே தூங்கிப்போனார்.
சுஜந்தன் பாட்டை நிறுத்தினார். மெதுவாகப் போகிறவர்களின் வலது ஓரத்துக்கு வந்து வேகத்தைக் குறைத்தார். ஒரு தண்ணீர் லொறி எங்களை முந்திப் போனது. அதன் பின்னால் ஒரு தொழிலாளர் பஸ். ஷார்ஜா வரைக்கும் அவர் யாரையும் முந்தவில்லை.