திரும்பியாக வேண்டிய வண்டி

1954 பிப்ரவரி 9, கொட்டாரம்

சிலோனுக்குக் காரிலேயே போவதென்று இவர் முடிவு செய்துவிட்டார். கொழும்பில் நாத்தனார் அழகியநாயகியின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் ரயிலில் போய் இறங்கினால் கௌரவம் குறையுமாம்! மெட்ராஸ் மோட்டார் சங்கத்திலிருந்து வண்டிக்கு அனுமதிப் புத்தகம் வந்தது. இவருடைய சிநேகிதர் கணபதியப்பன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கெடுவுக்குள் வண்டி திரும்பாவிட்டால் தீர்வை முழுக்க அவர் தலையில் விழும். ஒரு கேள்வி கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

பிப்ரவரி 16

மண்டபத்தில் வண்டியை ரயிலில் ஏற்றி, தனுஷ்கோடியில் கப்பலுக்குத் தூக்கினார்கள். எங்கள் ஆஸ்டின் கார் அந்தரத்தில் ஆடியபோது இவர் கண்ணை மூடிக்கொண்டார். தலைமன்னாரில் சுங்கத்தார் எஞ்சின் நம்பரைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று புத்தகத்தில் இருப்பதை வாசித்துச் சொன்னேன். சரி சரி என்றார். காதில் விழுந்ததா?

பிப்ரவரி 21

கல்யாணம் முடிந்தது. முடிந்த கையோடு இவர் சபையில் எழுந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கார்ச் சாவியை வைத்து, நாத்தனார் மகன் தாணப்பனிடம் நீட்டிவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மருமக்கள் வழிச் சட்டம் மாறினாலும், இவருக்குச் சகோதரி மகனான மருமகன்தான் அவகாசி, சொத்துக்கு வாரிசு. எல்லோருக்கும் சந்தோஷம். நான் பெட்டியைத் திறந்து அனுமதிப் புத்தகத்தைத் தேடினேன்.

பிப்ரவரி 22

காலையில் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். இவர் முகம் செத்துப்போயிற்று.

"சபையில வெத்தில பாக்கு வச்சுக் குடுத்தத திரும்பக் கேக்கவா? அதுக்கு நான் கடல்ல விழலாம்."

வண்டியை விட்டுவிட்டு வந்தால் கணபதியப்பன் மாட்டுவார். திருப்பிக் கேட்டால் இவர் சொல் போய்விடும். என்ன செய்ய — இந்த மனுஷனுக்கு ஏன் கை இத்தனை தாராளம்?

பிப்ரவரி 24

தாணப்பனையும் கூட்டிக்கொண்டு சுங்க ஆபீசுக்குப் போனோம். யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர், சிரிக்காமல் முழுக்கக் கேட்டார். அதற்கே அவரைக் கும்பிடலாம்.

"வண்டி திரும்பிப் போகவேணும். நீங்கள் பக்கத்தில இருந்தால், ஓட்டுறது மருமகன் எண்டாலும் எனக்கு ஒண்டுமில்லை."

வெளியே வந்ததும் தாணப்பன் சொன்னான்: "அப்ப நானே ஓட்டிட்டு வாறேன் மாமா. ஊர்ல வச்சு எனக்க பேருக்கு மாத்துங்கோ. குடுத்தது குடுத்ததுதான?"

இவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேர் மாற்றியதும் மகன் திரும்பிவிட வேண்டும் என்பது நாத்தனாரின் கண்டிஷன்.

மார்ச் 3

வீடு வந்து சேர்ந்தோம். ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைத் தள்ளியது. பையன் நிதானமாக ஓட்டினான். முத்திரை விழுந்த புத்தகத்தைக் கணபதியப்பனிடம் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னோம். அவர் காப்பி கேட்டார், அவ்வளவுதான்.

மார்ச் 19

நாகர்கோவிலில் பேர் மாற்றியாயிற்று. அந்தச் சுங்கச் சட்டத்துக்கு நன்றி. அது வண்டியைத் திருப்பிக் கேட்டிராவிட்டால் இந்தப் பையன் எங்கள் வீட்டில் ஒருநாளாவது தங்கியிருப்பானா?

ஏப்ரல் 14

விஷுவும் போயிற்று. அவன் போகவில்லை.

ஜூன் 12

"அவன் இஷ்டம் மைனி, நான் கட்டிப்போட முடியுமா" என்று நாத்தனார் எழுதியிருக்கிறாள். அவள் மனசு பெரிது. மத்தியானம் சாப்பிடும்போது இவர் தயங்கித் தயங்கி, "கப்பலுக்கு டிக்கெட் எடுக்கட்டா மக்கா?" என்று கேட்டார்.

தாணப்பன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வண்டி இங்கதான மாமா நிக்கி" என்றான். பிறகு, "அத்தை, கொஞ்சம் ரசம்."

இவர் என்னைப் பார்த்தார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். ரசம் எடுக்கத்தான்.