சைவக் கடைக்காரன் விழுங்கிய மீன் எண்ணெய்

நண்பா,

இன்று காலை லஸ் பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் என் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து அழுத்தினாள். அந்த ஸ்பிரிட் வாசனையில் நீதான் வந்து நின்றாய். நான் சைக்கிளில் எண்ணெய் டின் கட்டி விற்ற காலத்திலிருந்து என்னை அறிந்தவன். இருபது வருஷம் ரத்தம் எடுக்க என் கையில் ஊசி குத்தியவன்.

உன்னிடம் பல்லுக்காக வந்த அந்த நாள் நினைவிருக்கிறதா? மறுநாள் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. ரத்தம் சோதித்து வரச் சொல்லியிருந்தார் பல் டாக்டர். நீ பஞ்சை எடுத்தாய், கசிந்தது. மறுபடி அழுத்தினாய், மறுபடி கசிந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க நான் மாத்திரை சாப்பிடுவது உனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நேரம் என்றும் கசிந்ததில்லை.

"இன்னா மச்சி, வேற இன்னா முழுங்கிக்கினு கீற?"

உன்னிடம் பொய் எடுபடாது. "மீன் எண்ணெய் மாத்திரை. ஒரு நாளைக்கு ஆறு" என்றேன். இதயத்துக்கு நல்லது என்றார்கள். நல்லதை ஏன் குறைத்துப் போட வேண்டும் என்பது என் வியாபாரப் புத்தி.

நீ சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நாங்க சாந்தோம்ல கானாங்கெளுத்தி மீனைத் தட்டுல வெச்சு துன்றோம். நீ டப்பால வெச்சு திருட்டுத்தனமா துன்றியா? டாக்டராண்ட சொன்னியா?"

எப்படிச் சொல்வது? வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று பல் டாக்டர் கேட்டபோது பக்கத்தில் என் மனைவி. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. "வேறொன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

உன் சிரிப்பு நின்றது. "ரத்தத்துல தட்டணுன்னு கீது. காயம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு அடைக்கும். நெய், டால்டா ஜாஸ்தியானா தேவையில்லாத எடத்துலயும் ஒட்டப் பாக்கும். மீன் கொழுப்பு அந்த ஒட்டலைக் கொஞ்சம் கொறைக்கும். உன் மாத்திரைக்கும் அதே வேலைதான். ரெண்டும் சேந்து, பல்லு புடுங்கின குழி நிக்காம ஊத்துனா இன்னாடா பண்ணுவ?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு அபிராமபுரத்துப் பல் ஆஸ்பத்திரிக்கு நீயும் வந்தாய். என் மனைவி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். டாக்டர் உள்ளே வந்ததும் என் காலை மிதித்தாய். சொல்லிவிட்டேன்.

மனைவி முகம்கூட மாறவில்லை. "ரெண்டு மாசமா இவர் ஏப்பம் விட்டா வீடே காசிமேடு மீன் மார்க்கெட் மாதிரி நாறுது. எனக்குத் தெரியாதா?"

மீன் எண்ணெய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மறைத்தது தப்பு என்றார் டாக்டர். பல்லைத் தள்ளிப்போட்டார். இதய டாக்டரைக் கேட்டு மீன் எண்ணெயை மட்டும் நிறுத்தச் சொல்லி, இரண்டு வாரம் கழித்துப் பிடுங்கினார். ரத்தம் சமர்த்தாக நின்றது.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் எந்த டாக்டர் கேட்டாலும் லேகியம், கஷாயம், முந்தின நாள் பஜ்ஜி வரை ஒப்பிக்கிறேன். "போதும் சார்" என்று அவர்கள் கும்பிடுகிற வரை விடுவதில்லை.