கறுப்பு வெள்ளையா, கலரா?

உன் அம்மா வேளச்சேரியிலிருந்து கொண்டுவந்த கவரைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. வெள்ளத்தில் ஊறிய நெகட்டிவ். நீ பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று எடுத்த படமாம். உன் சின்ன வயசுப் படமென்று வேறு எதுவும் மிஞ்சவில்லை. "இது ஒண்ணுதாம்மா கீது. பாத்துப் பண்ணு," என்றார்கள். படம் பதிந்திருந்த மேல்பூச்சு கொழகொழவென்று உரிய ஆரம்பித்திருந்தது. ஸ்கேனர் கண்ணாடியில் ஒருமுறைதான் வைக்க முடியும். எடுக்கும்போது படம் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

நீ இறந்துபோனபின் நம் ஆழ்வார்பேட்டை ஆபீஸைப் பற்றி நினைக்காமல்தான் இருந்தேன். ஸ்கேன் மென்பொருளின் நிரல் என்னுடையது, திரை வடிவமைப்பு உன்னுடையது. 'தூசி நீக்கு' பெட்டியில் முதலிலேயே டிக் போட்டு வைத்திருந்தோம். சோதித்துப் பார்க்க வந்த அபிராமபுரத்து மாமா தன் கறுப்பு வெள்ளைக் கல்யாண நெகட்டிவை வைத்து, எதையும் பார்க்காமல் பெரிய பொத்தானை அமுக்கினார். கலர் பிலிமில் தூசியை மட்டும் துடைக்கிற வசதி அது. கறுப்பு வெள்ளையில் படத்தையே தூசியென்று எண்ணித் துடைத்துவிடும். "என் ஆத்துக்காரி கண்ணு எங்கேம்மா? காணாம போயிடுத்தே!" என்று மனுஷர் பதறிப்போனார்.

"டிக்கை எடுத்துட்டு மறுபடி ஸ்கேன் பண்ணா வந்துடப்போகுது. இதுக்கு எதுக்குடி தனியா ஒரு கேள்வி?" என்றேன். நீ விடவில்லை. "பயந்தவங்க எதையும் படிக்க மாட்டாங்கடி. அவங்க கை போற இடத்துல கேளு." பொத்தானை அமுக்கியதும் 'கறுப்பு வெள்ளையா, கலரா?' என்று கேட்கும். பதில் சொல்லாமல் நகராது. பிடிவாதக்காரி நீ.

இன்று காலை படத்தைக் கண்ணாடியில் வைத்தபோது பயம் பிடித்துக்கொண்டது. எதில் டிக் இருக்கிறதென்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. நிரல் எழுதியவளே நான்தான்! ஒட்டிக்கொள்வதற்குள் முடிந்தால் போதுமென்று அமுக்கிவிட்டேன். உன் கேள்வி குறுக்கே வந்து நின்றது. எனக்கு உயிரே போய் வந்தது. 'கறுப்பு வெள்ளை' என்றதும் தூசி நீக்கும் டிக் தானாக மறைந்தது.

படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. இரட்டைப் பின்னல், விரியத் திறந்த கண்கள், முகமெல்லாம் புள்ளியும் கீறலும். "அழப்போறா பாரு," என்று உன் அம்மா திரையைத் தொட்டார்கள். நெகட்டிவை எடுத்தேன். பயந்தபடியே உன் முகம் கண்ணாடியோடு உரிந்து போயிற்று.

அந்தக் கோப்பைப் பல இடங்களில் பத்திரப்படுத்திவிட்டேன். ஆனாலும் பயம் தெளியவில்லை. போய்ப் போய்த் திறந்து, நீ இருக்கிறாயா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.