புடவை மட்டும்

10 ஆகஸ்ட் 2003, ஞாயிறு
கோந்த்வா

மனைவி செல்வியை வரையத்தான் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். என் புடவைக் கடையில் எந்தப் பெண் படியேறினாலும், முகத்தைப் பார்த்தே எந்தப் புடவை எடுப்பாள் என்று சொல்லிவிடுவேன். இங்கே இன்று மாடலாக உட்கார்ந்த சாந்தாபாயை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இடைவேளையில் அவளே வந்து என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"சேட், புடவை அப்படியே இருக்கு. மடிப்பு, கரை எல்லாம் சரி. உள்ளே இருந்த ஆள் எங்கே?"

கழுத்துக்கு மேலே வெறும் தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள்: "என்னை எப்பங்க வரைவீங்க?"

"அடுத்த மாசம்" என்றேன். வரவே வராத சரக்கைக் கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் அது. என் பக்கத்தில் கல்லாவில் உட்கார்ந்து அதைக் கேட்டுப் பழகியவள் செல்வி.